கடைசி ஆள் யார்? வலென்சியா மத்தியச் சந்தையில் வாங்குவதும் சாப்பிடுவதும்

நம் சங்கத்து அன்பர்கள் பலருடைய பிள்ளைகள் இன்று ஐரோப்பிய நாடுகளில் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். பட்டமளிப்பு விழா, பிள்ளைப்பேறு என்று ஏதாவது ஒரு காரணத்தை முன்னிட்டுப் பெற்றோரும் போய்வருகிறார்கள். திரும்பி வந்தவர்களைக் கேட்டால் மாதா கோயில், அரண்மனை, அருங்காட்சியகம் என்று உற்சாகமாகச் சொல்வார்கள். "சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?" என்றால்தான் முகம் சுருங்கும். "கொண்டுபோன புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் இருந்தன. ஒருவழியாகச் சமாளித்தோம்" என்பார்கள். ஸ்பெயின் போன்ற ஒரு நாட்டுக்குப் போய்ப் பருப்புப்பொடியோடு நாளைக் கழிப்பது, காவிரிக்கரைக்குப் போய்க் குழாய்த் தண்ணீரில் குளித்துவிட்டு வருவது மாதிரி.

என் மகளும் மருமகனும் ஸ்பெயினின் கிழக்குக் கரையில் உள்ள வலென்சியா நகரில் இருக்கிறார்கள். மாட்ரிட், பார்சிலோனாவுக்கு அடுத்தபடியான பெரிய நகரம் அது. ஒரு குளிர்காலத்தில் அங்கே ஆறு வாரம் தங்கியிருந்தேன். அந்த ஆறு வாரத்தில் நான் அதிகம் போன இடம் கடற்கரை அல்ல, ஊரின் மத்தியச் சந்தை. டில்லியில் முப்பது வருஷமாக ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலும் வாரச் சந்தைகளிலும் முருங்கைக்காய் தேடி அலைந்தவள் நான். சந்தையைப் பற்றி எனக்கு யார் சொல்லித்தர வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. முதல் நாளே அந்த எண்ணம் உடைந்தது.

ஒரு காய்கறிக் கடையில் பெரிய பெரிய தக்காளிகளை அழகாக அடுக்கியிருந்தார்கள். நேரே போய் ஒன்றை எடுத்து, நம் வழக்கப்படி கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். கடைக்கார அம்மாளின் முகம் மாறிவிட்டது. என் கையிலிருந்து தக்காளியை வாங்கித் திரும்ப அதன் இடத்தில் வைத்துவிட்டு ஏதோ சொன்னார். பின்னால் நின்ற ஒரு மூதாட்டியும் ஏதோ சொன்னார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே வந்த பிறகுதான் சொன்னாள்: "அம்மா, ஒரே நிமிஷத்தில் இரண்டு தப்பு பண்ணிவிட்டாய். கடைக்காரர் கொடுக்காமல் நீ எதையும் தொடக்கூடாது. அதோடு, உனக்கு முன்னால் நாலு பேர் இருந்தார்கள்."

அங்கே வரிசை என்று எதையும் நான் பார்க்கவில்லை. ஆனால் வரிசை இருந்தது. அது எப்படி என்பதையும், அந்தச் சந்தையில் என்ன வாங்கலாம், என்ன சாப்பிடலாம் என்பதையும் நம்மவர்களுக்குச் சொல்லவே இந்தக் கட்டுரை.

மூன்று கட்டடங்கள்

வலென்சியாவின் பழைய நகரில் ஒரு சதுக்கத்தைச் சுற்றி மூன்று கட்டடங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. முதலாவது ‘லா லோன்ஹா’ என்ற பட்டு வணிகர் மாளிகை. 1482ல் கட்டத் தொடங்கியது. 1996ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கயிறு முறுக்கியது போன்ற உயரமான கல்தூண்கள் உள்ள அதன் மண்டபத்தில்தான் அந்நாளில் வணிக ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. சுவரின் மேற்பகுதியில் மண்டபத்தைச் சுற்றி லத்தீன் எழுத்துக்கள் ஓடுகின்றன. பேச்சில் வஞ்சகம் இல்லாதவனும், கொடுத்த வாக்கைக் காப்பவனும், கடும் வட்டி வாங்காதவனுமான வணிகனுக்கு இம்மையில் செல்வமும் மறுமையில் நற்கதியும் உண்டு என்பது அதன் சாரம். வியாபாரம் செய்ய வந்தவன் தலையை நிமிர்த்தினால் இதுதான் கண்ணில் படும்.

இரண்டாவது, சாந்தோஸ் ஹுவானேஸ் என்ற மாதா கோயில். இதன் உச்சியில் காற்றுத் திசை காட்டும் பறவை ஒன்று இருக்கிறது. அந்தப் பறவைக்கு ஒரு கதை உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்றாவதுதான் நம் சந்தை. உள்ளூர் மொழியான வலென்சியனில் ‘மெர்காத் சென்ட்ரல்’. அந்தச் சதுக்கத்தில் பல நூற்றாண்டுகளாகத் திறந்தவெளிச் சந்தை கூடிவந்தது. இன்றைய கட்டடத்தை 1914ல் தொடங்கினார்கள். 1928 ஜனவரி 23 அன்று மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்ஸோ திறந்துவைத்தார். வரைந்தவர்கள் அலெக்சாந்த்ரே சோலெர் இ மார்க், ஃபிரான்செஸ்க் குவார்தியா இ வியால் என்ற இரு கட்டடக் கலைஞர்கள். பரப்பு 8,000 சதுர மீட்டருக்கு மேல். நம் கணக்கில் இரண்டு ஏக்கர் நிலம் முழுவதும் ஒரே கூரையின் கீழ் கடைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டியவர்கள் அழகுக்காக மட்டும் கட்டவில்லை. இரும்புத் தூண்கள் மெலிதாக இருப்பதால் கண்ணை மறைப்பதில்லை. கூரை உயரமாக இருப்பதால் வெப்பக் காற்று மேலே போய்விடுகிறது. கண்ணாடி வழியாக விழும் பகல் வெளிச்சத்தில் காய்கறியின் உண்மையான நிறம் தெரிகிறது. மீனுக்குத் தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். ஆரஞ்சும் காய்கறியும் தீட்டிய வண்ண ஓடுகளைச் சுவரில் பதித்திருக்கிறார்கள். நடுக் குவிமாடத்தின் உச்சியில் ஒரு கிளி காற்றுக்கு ஏற்பத் திரும்பிக்கொண்டிருக்கிறது. ஓயாமல் பேச்சுச் சத்தம் கேட்கும் இடத்துக்குக் கிளியைவிடப் பொருத்தமான சின்னம் ஏது?

திங்கள் முதல் சனி வரை காலை ஏழரை மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை சந்தை. ஞாயிறு விடுமுறை. மாலையில் காய்கறி வாங்கிப் பழகிய நாம் இதை முக்கியமாக நினைவில் வைக்க வேண்டும். இன்னொன்று: ஞாயிற்றுக்கிழமை மீன்பிடிப் படகுகள் கடலுக்குப் போவதில்லை. ஆகவே மீன் சாப்பிடுகிறவர்கள் திங்களன்று போய் ஏமாற வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத வரிசை

ஸ்பெயின் சந்தைக் கடைகளின் முன் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக நிற்பதில்லை. ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம், ஒரு பாட்டி சற்றுத் தள்ளிச் சுவரில் சாய்ந்தபடி என்று இருப்பார்கள். புதிதாக வருகிறவர் பொதுவாகக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "கியென் எஸ் எல் உல்த்திமோ?" அதாவது, "கடைசி ஆள் யார்?" கடைசியாக வந்தவர் விரலை உயர்த்தி, "யோ" என்பார். "நான்தான்" என்று பொருள். அவ்வளவுதான். இனி நீங்கள் யாருக்குப் பின்னால் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஒருவரை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். அடுத்து ஒருவர் வந்து அதே கேள்வியைக் கேட்கும்போது "யோ" என்று சொல்லவேண்டியது உங்கள் பொறுப்பு.

நம் ஊர் ரேஷன் கடையில் பையை வரிசையில் வைத்துவிட்டு நிழலில் போய் உட்காருவோமே, கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான். பைக்குப் பதிலாக இங்கே ஒரு வார்த்தை. சில கடைகளில் எண் அச்சிட்ட சீட்டு தரும் சிறு இயந்திரம் வைத்திருக்கிறார்கள். அப்படி இருந்தால் சீட்டைக் கிழித்துக்கொண்டு நிற்கலாம். இல்லாத இடத்தில் கேள்விதான் சீட்டு.

இதைக் கேட்காமல் நேரே கடைக்கு முன் போய் நின்றால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனால் எல்லோருக்கும் மனத்தில் குறித்துக்கொள்ளத் தெரியும். மொழி தெரியாத வெளியூர் ஆள் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் அங்கே நிற்கும் முகங்கள் எப்படி மலர்கின்றன என்பதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

கை வைக்கக் கூடாது, வாய் திறக்கலாம்

வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கும் பரம்பரை நம்முடையது. அங்கே தேர்ந்தெடுப்பது கடைக்காரரின் வேலை. முதலில் இது எனக்கு ஒப்பவில்லை. அழுகலைத் தள்ளிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். பிறகு புரிந்தது. நாமே பொறுக்கி எடுத்தால் பழுது நம்முடையது. அவர் எடுத்துக் கொடுத்தால் பழுது அவருடையது. நாளை திரும்பி வரப்போகும் வாடிக்கையாளரிடம் எந்தக் கடைக்காரரும் அந்தப் பழுதை ஏற்க விரும்பமாட்டார்.

அதனால்தான் பழக்கடையில் அவர்கள் கேட்கும் கேள்வி விசித்திரமாக இருக்கும். எத்தனை கிலோ என்பதோடு, "இன்றைக்கா, நாளைக்கா?" என்றும் கேட்பார்கள். "பாரா ஓய்" என்றால் இன்றே சாப்பிட. "பாரா மஞானா" என்றால் நாளைக்கு. அதற்குத் தகுந்த பழுத்த பழத்தையோ செங்காயையோ எடுத்துக் கொடுப்பார்கள். டில்லியில் முப்பது வருஷத்தில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

சில சொற்கள் தெரிந்தால் போதும். காலை வணக்கம் ‘புவேனோஸ் தியாஸ்’. வணக்கம் சொல்லாமல் பேரம் தொடங்குவது மரியாதைக் குறைவு. ‘மெதியோ கிலோ’ அரைக் கிலோ. ‘குவார்த்தோ’ கால் கிலோ. ‘சியென் கிராமோஸ்’ நூறு கிராம். ‘போர் ஃபவோர்’ தயவுசெய்து. "அல்கோ மாஸ்?" என்று கேட்டால் "வேறு ஏதாவது?" என்று பொருள், போதுமென்றால் "நாதா மாஸ், கிராஸியாஸ்." விலைப்பலகையில் புள்ளிக்குப் பதில் கால்புள்ளி போடுவார்கள். 2,50 என்றால் இரண்டரை யூரோ. பேரம் பேசும் வழக்கம் இல்லை. ஆனால் பழகிவிட்டால் ஒரு பிடி பார்ஸ்லி இலையைப் பையில் சும்மா போடுவதுண்டு. நம் ஊர் கொசுறுக் கறிவேப்பிலைதான்!

என்ன வாங்கலாம்?

வலென்சியா நகரைச் சுற்றிலும் ‘ஹுவெர்தா’ என்ற பாசனத் தோட்ட நிலம். அரபு ஆட்சிக் காலத்தில் வளர்ந்த வாய்க்கால்கள் இன்னும் அங்கே ஓடுகின்றன. தண்ணீர்த் தகராறுகளை விசாரிக்க, விவசாயிகளே தேர்ந்தெடுத்த நீதிபதிகள் ஒவ்வொரு வியாழனும் பகல் பன்னிரண்டு மணிக்குத் தலைமை மாதா கோயிலின் வாசலில் கூடுகிறார்கள். எல்லாம் வாய்மொழி விசாரணைதான். 2009ல் யுனெஸ்கோ இந்த நீர் மன்றத்தையும் மனிதகுலப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சந்தையிலிருந்து சில நிமிட நடை. வாய்க்கால் தகராறு என்றால் என்னவென்று தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வியாழனன்று காய்கறி வாங்கிவிட்டு அப்படியே போய்ப் பார்த்துவிடலாம்.

இந்த நிலத்து விளைச்சலைப் பருவத்தோடு வாங்க வேண்டும். குளிர்காலம் ஆரஞ்சுக்கும் ஆர்ட்டிசோக்குக்கும் உரியது. வசந்தத்தில், டில்லியில் நாம் லோகாட் என்று வாங்கும் அதே பழம் ‘நிஸ்பெரோ’ என்ற பெயரில் வரும். கோடையில் அத்தி, முலாம்பழம். இலையுதிர் காலத்தில் எல்ச்சே ஊர் மாதுளையும், இங்கே ஜப்பானிப் பழம் என்று விற்கும் ‘காக்கி’யும்.

ஆரஞ்சைப் பற்றி ஒரு சேதி. ஸ்பானிய மொழியில் அதற்கு ‘நாரான்ஹா’ என்று பெயர். அரபியிலிருந்து வந்த சொல். அரபிக்குப் பாரசீகத்திலிருந்தும், பாரசீகத்துக்கு வடமொழியின் ‘நாரங்க’விலிருந்தும் வந்தது. அதன் வேர் திராவிட மொழிகளில், நம் நாரத்தையின் குடும்பத்தில் இருப்பதாக மொழியியலார் பலர் கருதுகிறார்கள். கடைக்கார அம்மாளிடம் இதை மகள் மூலம் சொன்னேன். அவர் ஒரு ஆரஞ்சை உரித்து என்னிடம் கொடுத்து, "அப்படியானால் இது உங்களுடையது" என்றார். தக்காளி விவகாரத்தில் என்னைக் கண்டித்த அதே அம்மாள்தான்!

அடுத்தது அரிசி. நகருக்குத் தெற்கே அல்புஃபேரா என்ற ஏரியைச் சுற்றி நெல் விளைகிறது. ‘போம்பா’, ‘சேனியா’ என்பன அங்கத்திய ரகங்கள். குட்டையான, உருண்டையான அரிசி. சாறை நன்றாக உறிஞ்சியும் குழையாமல் நிற்பது போம்பாவின் குணம். புகழ்பெற்ற ‘பாயெய்யா’ சோறு இந்த அரிசியில்தான் செய்வார்கள். வலென்சியாவின் அசல் பாயெய்யாவில் நாம் படங்களில் பார்ப்பது போல இறாலும் சிப்பியும் கிடையாது. கோழி, முயல், தட்டையான பச்சை பீன்ஸ், நம் டபுள் பீன்ஸ் போன்ற பெரிய வெள்ளை மொச்சை, தக்காளி, குங்குமப்பூ ஆகியவைதான். சில வீடுகளில் நத்தையும் சேர்ப்பார்கள். சந்தையில் உயிருள்ள நத்தையை வலைப்பையில் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

சைவ உணவுக்காரர்கள் அந்த மொச்சையையும் பீன்ஸையும் அரிசியையும் வாங்கி வீட்டிலேயே பாயெய்யா செய்துவிடலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். பேரனுக்கு மட்டும் தயிர் தேவைப்பட்டது.

ஊருக்குக் கொண்டுவர ஏற்றவை குங்குமப்பூவும் ‘பிமென்தோன்’ என்ற மிளகாய்ப்பொடியும். லா வேரா பகுதிப் பிமென்தோனை ஓக் மரப் புகையில் உலர்த்தி அரைக்கிறார்கள். காரம் குறைந்த ரகமும் உண்டு, காரமான ரகமும் உண்டு. உருளைக்கிழங்கு வறுவலில் அரைக் கரண்டி போட்டுப் பாருங்கள். விறகடுப்பு வாசனை வரும். மிளகாய்ச் செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஸ்பெயினுக்குப் போனது கொலம்பஸ் காலத்தில். நமக்குப் போர்த்துக்கீசியர் மூலம் வந்தது. ஆக, மிளகாயைப் பொறுத்தவரை இரண்டு பேருமே கடன்காரர்கள்தான்.

பாதாமும் தேனும் சேர்த்துச் செய்யும் ‘துர்ரோன்’, நம் கடலைமிட்டாய்க்குப் பணக்கார உறவு. கிறிஸ்துமஸ் சமயத்தில் குவிந்து கிடக்கும். அலிகாந்தே வகை கெட்டியானது. ஹிஹோனா வகை மென்மையானது. பல் சரியில்லாதவர்கள் இரண்டாவதை வாங்கவும். இரண்டு வகையிலும் சில இனிப்புகளிலும் முட்டை வெள்ளைக்கரு சேரும் என்பதைச் சைவர்கள் கவனிக்க வேண்டும்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மீன் பகுதி ஒரு கண்காட்சி. அல்புஃபேரா விலாங்கு மீன், கணவாய், மட்டி, பலவகை இறால். அதைவிட நம்மைக் கவரக்கூடியது ‘சலஸோனேஸ்’ என்ற உப்பு மீன் கடை. உப்பிட்டுக் காயவைத்த சூரை மீன், மீன் சினை, பலகை போன்ற காட் மீன் எல்லாம் தொங்கும். தூத்துக்குடிக்காரர் ஒருவரை அங்கே கண்ணைக் கட்டிவிட்டாலும் கருவாட்டுக் கடை என்று சொல்லிவிடுவார்.

சாப்பிடுவது எங்கே, எப்படி?

வலென்சியாவில் காலை ஒன்பதரை மணி முதல் பதினோரு மணி வரை ஒரு சாப்பாடு உண்டு. ‘எஸ்மோர்சாரெத்’ என்பார்கள். விடியுமுன் தோட்டத்தில் இறங்கிய விவசாயிகள் நடுக்காலையில் வயிற்றை நிரப்பிக்கொண்ட வழக்கம், இன்று அலுவலகக்காரர்கள் வரை தொடர்கிறது. நீள ரொட்டிக்குள் பலவகைக் கறி அடைத்த ‘போகதியோ’, பக்கத்தில் ஒரு தட்டில் ஆலிவ் ஊறுகாயும் வேர்க்கடலையும், கடைசியில் ஒரு காப்பி. ரம் சேர்த்துக் கொளுத்திய ‘கிரெமாயெத்’ என்ற காப்பியும் உண்டு. வேண்டாதவர்கள் ‘கஃபே கோன் லெச்சே’ என்று பால் காப்பி கேட்கலாம். சந்தையைச் சுற்றியுள்ள சிறு பார்களில் இதைச் சாப்பிடலாம். பார் என்றதும் தயங்க வேண்டாம். அங்கே பார் என்பது நம் காப்பி கிளப் மாதிரி. குழந்தைகளோடு குடும்பமாக வந்து உட்காருகிறார்கள்.

சைவ உணவுக்காரர்களுக்குச் சில எச்சரிக்கைகள். "சின் கார்னே", அதாவது "இறைச்சி இல்லாமல்" என்று மட்டும் சொன்னால் போதாது. பலருக்கு ‘ஹாமோன்’ என்ற உப்பிட்ட பன்றித்தொடையும், டப்பா சூரை மீனும் அந்தச் சொல்லில் அடங்குவதில்லை. ‘காய்கறி சாலட்’ என்று கேட்டு வாங்கியதன் மேல் சூரை மீன் இருந்த அனுபவம் எங்களுக்கு உண்டு. "சின் கார்னே, சின் ஹாமோன், சின் பெஸ்காதோ, சின் அதுன்" என்று நான்கையும் சொல்லிவிட வேண்டும். பருப்புக் குழம்பில் பன்றிக் கொத்துக்கறி கிடக்கும். காய்கறிச் சோற்றிலும் சாறு மீன் சாறாக இருக்கலாம். "இறைச்சிச் சாறு, மீன் சாறு உண்டா?" என்பதற்கு "யெவா கால்தோ தே கார்னே ஓ தே பெஸ்காதோ?" என்று கேளுங்கள். ‘தோர்தியா’ என்பது முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த தடித்த அடை. முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு அதுவே போதும்.

முட்டையும் வேண்டாதவர்கள் தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் தேய்த்த ரொட்டி, ஆலிவ் ஊறுகாய், உப்பிட்ட பாதாம், பழம் என்று சந்தையிலேயே வாங்கிப் பக்கத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடலாம். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் அடுப்பில் சுட்ட பூசணியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அப்படியே விற்பார்கள். கார்த்திகை மாதத்தில் நம் ஊரில் சாப்பிட்டது போல இருந்தது.

எல்லோருக்கும் பொதுவானது ‘ஓர்ச்சாத்தா’. நம் கோரை இனத்தைச் சேர்ந்த ஒரு புல்லின் சிறு கிழங்கு ‘சுஃபா’. பக்கத்து ஊரான அல்போராயாவில் விளைகிறது. அதை ஊறவைத்து அரைத்து, வடிகட்டி, சர்க்கரை சேர்த்துக் குளிரக் குளிரக் கொடுப்பார்கள். பார்ப்பதற்குப் பால் மாதிரி. ஆனால் பால் துளிகூடக் கிடையாது. பாதாம் பாலுக்கும் தேங்காய்ப் பாலுக்கும் நடுவிலான சுவை. தொட்டுச் சாப்பிட ‘ஃபார்தோன்’ என்ற நீள ரொட்டி. முட்டை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வேடிக்கை பார்ப்பதில் உள்ள ஆபத்து

இத்தனையும் படித்துவிட்டு, "சரி, போய்ப் பார்த்துவிட்டு வரலாம்" என்று தோன்றும். பார்ப்பது மட்டும் போதாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

பார்சிலோனாவில் ‘லா போகேரியா’ என்ற சந்தை உண்டு. நகர வாயிலில் இறைச்சி விற்ற மேசைகளைப் பற்றி 1217லேயே குறிப்பு இருக்கிறது. 1840ல் முறையான சந்தையாகக் கட்டத் தொடங்கி, 1914ல் இரும்புக் கூரை போட்டார்கள். உலகப் புகழ் வந்தது. புகழோடு கூட்டம் வந்தது. கூட்டம் படம் எடுத்தது, ஆனால் காய்கறி வாங்கவில்லை. நெரிசலில் நுழைய முடியாமல் அக்கம்பக்கத்து இல்லத்தரசிகள் வருவதைக் குறைத்தார்கள். கீரை விற்ற இடங்களில் வெட்டிய பழமும் பழச்சாறும் கோப்பைகளில் வந்தன. கடைசியில் 2015ல், வெள்ளி, சனி காலை வேளைகளில் பதினைந்து பேருக்கு மேற்பட்ட சுற்றுலாக் குழுக்கள் நுழையக் கூடாது என்று விதி போட வேண்டியதாயிற்று. மாட்ரிட்டின் சான் மிகேல் சந்தையோ 1916ல் திறந்தது. 2009ல் புதுப்பித்துத் திறந்தபோது சிற்றுண்டிக் கூடமாகிவிட்டது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அரைக் கிலோ வெங்காயம் வாங்க அங்கே யாரும் போவதில்லை.

வலென்சியா சந்தையில் இன்னும் வெங்காயம் விற்கிறார்கள். உள்ளூர்ப் பாட்டிகள் இன்னும் இரு சக்கரத் துணிப்பையை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் வரும்வரைதான் அது சந்தை. ஆகவே போகிறவர்கள் கும்பலாக நடுவழியில் நிற்காதீர்கள். முகத்துக்கு நேரே படம் எடுக்காதீர்கள். எடுப்பதானால் கேட்டு எடுங்கள். ஒரு ஆரஞ்சாவது, நூறு கிராம் ஆலிவாவது வாங்குங்கள். தங்குமிடத்தில் சமையலறை இருந்தால் ஒரு நாள் சமையலுக்கே வாங்குங்கள்.

பறவையின் கதை

இனி, சந்தைக்கு எதிரே மாதா கோயில் உச்சியில் உள்ள பறவைக்கு வருவோம். பழைய நாட்களில் வடமேற்கே உள்ள தெருவேல் மலைப்பகுதி வறண்டது. பஞ்சம் பிழைக்க வழியில்லாத பூமி. அங்கிருந்து தகப்பன்மார் தங்கள் பையன்களை அழைத்துக்கொண்டு கால்நடையாக வலென்சியாவுக்கு வருவார்களாம். இந்தச் சதுக்கத்தில் பையனை நிறுத்தி, "மேலே பார், அந்தப் பறவை இப்போது பறக்கப்போகிறது" என்பார்களாம். பையன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பான். தகப்பன் கூட்டத்தில் மறைந்துவிடுவான். கொஞ்ச நேரத்தில் பையன் அழத் தொடங்குவான். யாராவது ஒரு கடைக்காரர் இரங்கி, எடுபிடி வேலைக்குச் சேர்த்துக்கொள்வார். சாப்பாடு கிடைக்கும், தொழில் கற்பான், ஒருநாள் அவனே முதலாளியாவான் என்பது தகப்பனின் கணக்கு. விசென்தே பிளாஸ்கோ இபாஞேஸ் என்ற வலென்சிய எழுத்தாளர் 1894ல் எழுதிய ‘அர்ரோஸ் இ தர்தானா’ என்ற நாவலில் இந்தக் கதை வருகிறது. அப்படி விடப்பட்ட ஒரு சிறுவன் பின்னாளில் அதே சதுக்கத்தில் கடை வைக்கிறான்.

மகள் இதைச் சொன்னபோது நான் அந்தப் பறவையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். நம்மில் யாரையும் அப்படி விட்டுவிட்டு யாரும் போகவில்லை. ஆனாலும் டிரங்குப் பெட்டியோடு புதுடில்லி ரயில் நிலையத்தில் இறங்கி, ஒரு வார்த்தை புரியாமல் அண்ணாந்து பார்த்து நின்ற நாள் நம் குடும்பங்களில் பலருக்கு உண்டு. நான் இந்தி கற்றது புத்தகத்தில் அல்ல, காய்கறிக்காரரிடம். ‘பிண்டி’யும் ‘தனியா’வும் ‘ஆதா கிலோ’வும்தான் என் முதல் பாடம்.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் கடைசியாக ஒருமுறை ஆரஞ்சு வாங்கப் போனேன். மகள் வரவில்லை, தனியாகத்தான். முறைப்படி கேட்டேன். தொப்பி போட்ட ஒரு பெரியவர் விரல் உயர்த்தினார். நான் ஒதுங்கி நின்றேன். இரண்டு நிமிஷத்தில் ஒரு பெண் கைக்குழந்தையோடு அவசரமாக வந்தாள். வேறு தேசத்தவள் என்பது முகத்திலேயே தெரிந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "கியென் எஸ் எல் உல்த்திமோ?"

"யோ" என்றேன்.